நீர்க்கோட்டுக்கு மேலும் கீழும்

ஆனி, ஆடி மாதங்களில் பொதிகையின் நிழல் தண்ணீரில் விழுவது அபூர்வம். மலை அங்கேயேதான் நிற்கிறது, வாய்க்காலிலும் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, சமவெளியில் ஒரு குட்டையைக்கூட அசையாமல் இருக்க விடுவதில்லை. கயத்தாறு பக்கம் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் இந்த மாதங்களை நம்பித்தான் நடப்பட்டவை. குற்றாலத்தில் சாரலை அனுபவித்துவிட்டுத் திரும்பும் கேமராக்காரர்கள், வழியில் ஏதாவதொரு குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தி மலையின் நிழலைத் தேடுவார்கள். தண்ணீர் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தபிறகு நிலைமை மாறுகிறது. காற்று திசை மாறி, வேகமும் தணிகிறது. இரவு முழுக்கப் பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் தூசி அடங்கி, மலையின் மடிப்புகள் சேரன்மகாதேவியிலிருந்தே தெளிவாகத் தெரியும். மார்கழி, தை விடியற்காலையில் தரை குளிர்ந்து கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடாகும்வரை காற்று எழும்பாது. நிழல் எடுப்பவர்களுக்கு வாய்த்த நேரம் அதுதான். இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. மலை மேற்கே, ஆறு ஓடுவது கிழக்கே. காலையில் மலையைப் பார்த்து நிற்பவருக்குச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். முதல் வெளிச்சம் நேராகப் பாறை முகங்களில் போய் விழும்போது, கரையும் வயலும் இன்னும் மங்கலில்தான் கிடக்கும். சில நிமிடங்கள்தான் அப்படி. மாலையில் வந்து நிற்பவருக்கு மலை வெறும் கறுப்பு விளிம்பு. அதுவும் நல்ல படமாகலாம், ஆனால் அது வேறு படம்.

தண்ணீர் நிழலை எடுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இமயமலை ஏரிகளையும் சுவிட்சர்லாந்தையும் உதாரணம் காட்டுவார்கள். அங்கெல்லாம் தண்ணீர் தானாகத் தேங்கியது. திருநெல்வேலிச் சீமையில் அப்படித் தானாக அமைந்த ஏரி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. இங்கே தண்ணீர் எங்கெல்லாம் அசையாமல் நிற்கிறதோ, அங்கெல்லாம் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்றவை அதற்கும் மூத்தவை. எந்த அணைக்கட்டுக்குப் போனாலும் ஒன்றைப் பார்க்கலாம்: மேல்பக்கம் தண்ணீர் விரிந்து, சோம்பிக் கிடக்கும். கீழ்ப்பக்கம் பாறையும் நுரையும் இரைச்சலும். பத்தடி தூரத்தில் ஒரே ஆறு இரண்டு விதமாக நடந்துகொள்கிறது.

அங்கிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். குளத்தின் மடை திறந்தால் வயல். பிசானத்துக்குத் தொழி அடித்து, பரம்படித்து, நாற்று நடக் காத்திருக்கும் வயலில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். இந்த வட்டாரத்தின் மிகச் சிறந்த கண்ணாடி அதுதான். ஆனால் நடவு முடிந்து ஒரு மாதத்துக்குள் பயிர் தண்ணீரை மூடிவிடும்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிழல் படத்தை வெட்டிச் சீர்செய்ய உட்காரும்போது முதலில் கத்தி விழுவது எதன்மேல் என்று பார்த்தால், வரப்பு, மடைக்கல், மண்வெட்டியோடு நிற்கும் நீர்பாய்ச்சி, கரையில் காயும் துணி. அதாவது அந்தத் தண்ணீரை அங்கே நிறுத்திவைத்தவை எல்லாம் வெளியே போய்விடும். மிஞ்சுவது மலையும் வானமும், கீழே அதே மலையும் வானமும். அப்படிப்பட்ட படம் எந்த நாட்டிலும் எடுத்ததாக இருக்கலாம். அம்பாசமுத்திரத்தில் எடுத்ததற்கான அடையாளம் அதில் எதுவும் இருக்காது.

வெட்டுவது கம்ப்யூட்டரில் நடக்கிற வேலை என்று நினைப்பதும் சரியில்லை. நிழலில் எது இருக்கும், எது இருக்காது என்பதைக் கேமராவின் உயரமே பாதிக்குமேல் தீர்மானித்துவிடுகிறது. தண்ணீரில் தெரிவது கரையில் தெரியும் காட்சியின் நகல் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது வேறொரு இடத்திலிருந்து பார்த்த காட்சி. கேமரா தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு தண்ணீருக்குக் கீழே ஒரு கண் இருந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் தலைகீழாக விழுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 15 கிலோமீட்டர் தூரத்தில், சமவெளியிலிருந்து 1500 மீட்டர் உயரமான மலைமுகடு. குளத்தின் எதிர்க்கரையில், 200 மீட்டர் தள்ளி, 15 மீட்டர் உயரப் பனைமரங்கள். எடுப்பவர் தண்ணீரோரம் நின்று, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமராவைப் பிடிக்கிறார். நேரே பார்க்கும்போது பனைத்தலைகளுக்கு மேலே தெரியும் மலையில், நிழலில் தெரிவது ஏறக்குறைய பாதிதான். தண்ணீருக்குள் பனைமரம் மலையை அதிகம் மறைக்கிறது. இப்போது அவரே காட்சி இன்னும் விரிவாகக் கிடைக்கட்டும் என்று குளக்கரை மேலே, தண்ணீருக்கு 5 மீட்டர் உயரத்தில் ஏறி நிற்கட்டும். நேரே பார்த்தால் மலை முன்னைவிட அதிகமாகத் தெரியும். தண்ணீரிலோ மலையே இருக்காது. பனைத்தலையும் மலைமுகடும் ஒரே கோட்டில் வந்து, மலை முழுதும் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதே ஆள் இறங்கி வந்து குத்தவைத்து, கேமராவைத் தண்ணீரிலிருந்து ஒரு அடி உயரத்துக்குக் கொண்டுவந்தால் மேலே தெரியும் மலையும் கீழே தெரியும் மலையும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும்.

மலை நிழல் வேண்டுமென்றால் ஏறக்கூடாது, இறங்க வேண்டும். குளக்கரையில் நிற்கும் பலர் இதற்கு நேரெதிராகச் செய்கிறார்கள்.

இந்தக் கணக்கில் இன்னொரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. அதே மலைமுகட்டின் நிழல், ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமரா இருந்தால், எடுப்பவரிடமிருந்து 15 மீட்டர் தள்ளித் தண்ணீரில் விழும். கேமராவை ஓரடிக்குத் தாழ்த்தினால் 3 மீட்டரிலேயே விழுந்துவிடும். அப்படியென்றால் மலையை முழுசாகப் பிடிக்க ஏரி தேவையில்லை. ஒரு நாற்றங்கால் போதும். எதிரே மரமோ கட்டடமோ மறைக்காத இடமாக இருந்தால், முந்தின நாள் மழையில் களத்துமேட்டில் தேங்கிய தண்ணீரிலேயே முகடு வந்துவிடும். லென்ஸைப் பொறுத்தவரை, இவ்வளவு தூரத்து மலைக்கு வைட் லென்ஸ் போட்டால் அது ஃபிரேமின் நடுவில் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். 70-200 போன்ற லென்ஸை மாட்டிக்கொண்டு பின்னால் தள்ளிப்போவதே மேல்.

வெளிச்சத்தின் கணக்கும் கோணத்தைப் பொறுத்தது. நேர் கீழே குனிந்து பார்க்கும்போது தண்ணீர், தன்மேல் விழும் ஒளியில் வெறும் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. பார்வை சாயச் சாய அது கூடும். தண்ணீர்ப்பரப்பிலிருந்து 20 டிகிரியில் 13 சதவீதம், 10 டிகிரியில் 35 சதவீதம், 5 டிகிரியில் பாதிக்கும் சற்று மேல். தொலைவில் உள்ள மலையின் நிழல் பளிச்சென்று விழுவதும், காலடியில் வானம் தெரியாமல் கூழாங்கல் தெரிவதும் இதனால்தான். நிழல் எப்போதும் நிஜத்தைவிட மங்கல். நல்ல படங்களில் அந்த வித்தியாசம் அப்படியே இருக்கும். லைட்ரூமில் கீழ்ப்பாதியை இழுத்து இழுத்து மேல்பாதியைவிட வெளிச்சமாக்கிய படங்களைப் பார்த்தவுடன் ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் குளிக்கப்போன நாளிலிருந்து படித்துறையில் பார்த்துப் பழகிய கண் அது, ஏமாறாது.

போலரைசர் ஃபில்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியை வெட்டுவதற்கென்றே உள்ளது அது. பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரியில் பார்க்கும்போது அதைச் சரியாகத் திருப்பினால் நிழலே மறைந்து, அடியில் கிடக்கும் மணல்வரை தெரியும். பாபநாசத்தில் தெளிந்த தண்ணீருக்குள் திரியும் மீன்களை எடுக்க அருமையான கருவி. நிழல் எடுக்கப்போகும்போது கழற்றிப் பையில் வைத்துவிடுவதே உத்தமம். கழற்ற மறந்தவர்கள் அதைக் கால்வட்டம் திருப்பிப் பார்த்தால், போன நிழல் திரும்பி வரும்.

இந்த வடிவியல் தெரிந்த கண்ணுக்கு ஒட்டுப்போட்ட நிழலைக் கண்டுபிடிப்பது எளிது. படத்தின் மேல்பாதியை நகலெடுத்து, தோசையைத் திருப்பிப் போடுவதுபோலக் கீழே போட்டு, கொஞ்சம் அலை சேர்த்துக் கொடுக்க இன்று ஒரு செல்போன் செயலி போதும். ஆனால் உண்மையான நிழலில் பாலத்தின் அடிவயிறு தெரியும். மண்டபக் கூரையின் உள்பக்கம் தெரியும். கரையில் நிற்கும் கொக்கின் கழுத்துக்குக் கீழ்ப்புறம் தெரியும். ஒட்டுப்போட்டதில் மேலே தெரிந்ததேதான் கீழேயும் தெரியும். வானத்தை மாற்றும் வசதி 2020-ல் ஃபோட்டோஷாப்பிலேயே வந்துவிட்டது. மேலே அஸ்தமன மேகத்தை ஒட்டிவிட்டு, கீழே தண்ணீரில் வெறும் வெள்ளை வானத்தை விட்டுவிட்ட படங்கள் வாட்ஸ்அப்பில் தினமும் சுற்றுகின்றன.

வானத்தைக் கையால் சேர்க்கும் வேலை புதிதல்ல. சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் டிரைப், 1858-ல் வெளிவந்த மதுரைப் படங்களுக்காகப் பெரிய பெட்டிக் கேமராவும் மெழுகு தடவிய காகித நெகட்டிவ்களுமாகச் சுற்றினார். அந்தக் காலத்து நெகட்டிவ் நீல ஒளிக்கு அளவுக்குமீறி மசியும். அதனால் வானம் வெறும் வெளுப்பாகத்தான் வரும். டிரைப் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகங்களைத் தீட்டினார், மர இலைகளைத் திருத்தினார். அவர் செய்தது கருவியின் குறையை ஈடுகட்டும் வேலை. இன்றைய கேமரா வானத்தை நன்றாகவே பதிகிறது. அதற்கு மேலே வேறொரு வானம் எதற்கு?

அவருக்கும் முன்பு, 1792-ல், ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பாபநாசம் வரைக்கும் வந்து அருவியை வரைந்துபோனார்கள். பின்னால் லண்டனில் வெளியான அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் அது இடம்பெற்றது. இருட்டுப்பெட்டிக்குள் லென்ஸ் வழியே விழும் பிம்பத்தைப் பார்த்து வரையும் கேமரா அப்ஸ்க்யூராவைப் பயன்படுத்தியவர்கள் அவர்கள். தாமிரபரணியை ஒரு சட்டத்துக்குள் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற கேள்வி, புகைப்படம் கண்டுபிடிப்பதற்கு முன்பே இந்தக் கரைக்கு வந்துவிட்டது.

அதே காலத்தில், 1797-ல், இங்கிலாந்தில் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஓவியர் நாட்டுப்புறக் காட்சிகள் பற்றி எழுதிய புத்தகத்தில்தான் 'மூன்றில் ஒரு பங்கு' விதி அந்தப் பெயரோடு முதலில் வருகிறது. ஃபிரேமை மூன்றாகப் பிரி, அடிவானத்தை நடுவில் வைக்காதே என்று இன்று எல்லா ஃபோட்டோகிராபி வகுப்பிலும் சொல்லித்தருவது அதைத்தான். செல்போன் கேமராவில் தெரியும் கட்டங்களும் அதற்காகத்தான். நிழல் படங்களுக்கு அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால் படம் கெடும். காற்றே இல்லாத வேளையில் மேலும் கீழும் ஒரே எடையில் இருக்கும்போது நீர்க்கோட்டை நடுவில் வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. வைத்தால் துல்லியமாக நடுவில் வைக்க வேண்டும். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று வைத்தால் கை தவறியதுபோல இருக்கும். அதுவும் நூல்பிடித்தாற்போல மட்டமாக இருக்க வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலும் தண்ணீர் ஒரு பக்கமாக வழிவதுபோலத் தெரியும்.

மட்டம் பார்க்கும்போது எதிர்க்கரையை நம்பக்கூடாது. கரை பெரும்பாலும் கோணலாகத்தான் விலகிப்போகும், படத்தில் அது சாய்வாகவே விழும். ஒரு பனைமரத்தின் நுனியையும் அதன் நிழலின் நுனியையும் சேர்த்து மனசுக்குள் ஒரு கோடு இழுத்தால், அது நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும். மரம் சாய்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கம்ப்யூட்டரில் படத்தை நேராக்க இதைவிட நம்பகமான வழி இல்லை.

நிழலில் மரங்கள் மலையை அதிகம் மறைத்து, மலை குட்டையாகத் தெரிவதைப் பார்த்தோம். ஆகவே நின்றபடி எடுத்த படத்தில் மேலும் கீழும் சமமான இடம் விட்டு வெட்டினால், கீழே வெறும் தண்ணீர் மிஞ்சும். அந்த வெற்றுத் தண்ணீரில் மிதக்கும் அமலைச் செடி ஒன்றோ, நாற்றுமுடி ஒன்றோ இருந்தால் இடத்தை விட்டுவைக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் நிழல் நுனிக்குக் கீழே கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்துவிட்டு வெட்டுவது நல்லது. நுனியை ஒட்டி வெட்டுவதுதான் செய்யவே கூடாதது. மேலே மலைமுகடு வெட்டுப்படாமல் இருக்க, கீழே அதன் நிழலின் முகடு வெட்டுப்பட்டுக் கிடப்பது, வாசித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் கடைசி வரியைக் கிழித்துவிட்டாற்போலக் கண்ணை உறுத்தும்.

மேலே உள்ளதை முழுவதும் வெட்டிவிட்டு நிழலை மட்டும் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில் பொற்றாமரைக் குளமோ நயினார்குளமோ, சுற்றிலும் கேபிள் ஒயரும் விளம்பரப் பலகையுமாக இருக்கும் இடங்களில் இது கைகொடுக்கும். ஒயர்கள் நிழலிலும் விழும்தான், ஆனால் சிற்றலை அவற்றை உடைத்துவிடும். கோபுரமோ மரமோ பெரிய உரு என்பதால் தாக்குப்பிடிக்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைக்கும் ஆசை அப்போது வரும். அதை அடக்கிக்கொள்வது நல்லது. திருப்பினால் அது வித்தையாகிவிடுகிறது, குளம் காணாமல் போய்விடுகிறது.

வெட்டலாமா கூடாதா என்ற வாக்குவாதம் வரும்போதெல்லாம் ஹென்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸோனின் பெயர் வரும். ஷட்டரை அழுத்தும் நொடியில் ஃபிரேம் முடிந்துவிட வேண்டும், பிறகு அதில் கைவைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆனால் அவருடைய மிகப் புகழ்பெற்ற படமே வெட்டப்பட்டதுதான், அதுவும் ஒரு தண்ணீர் நிழல் படம். 1932-ல் பாரிஸில் சென் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிக் கிடந்த தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் ஒரு மனிதர். அவருடைய குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் நூலிழை இருக்கிறது, நிழல் கீழிருந்து எதிர்கொள்கிறது. பின்னால் சுவரில் ஒட்டிய போஸ்டரில் ஒரு நடனக்காரி அதேபோல் தாவுகிறாள், அவளுக்கும் தண்ணீரில் நிழல். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் இடதுபக்கம் பலகை மறைத்துவிட்டது. அந்தப் பகுதியை அவர் வெட்டிவிட்டார். பலகையை நகர்த்த வழியில்லாதபோது வெட்டுவது வேறு, எங்கே நிற்பது என்று யோசிக்காமல் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்வது வேறு.

வெட்டுக்கு விலையும் உண்டு. 24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000-க்கு 4000 புள்ளிகள். அதைச் சதுரமாக வெட்டினால் 16 மெகாபிக்சல், இரண்டுக்கு ஒன்று என்று நீளவாட்டில் வெட்டினால் 18. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் முழுப்படம் 20 அங்குல அகலம் வரும், சதுரம் 13 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். வீட்டில் மாட்ட இது தாராளம். 12 மெகாபிக்சல் செல்போனில் இரண்டு மடங்கு டிஜிட்டல் ஜூம் செய்தால் மிஞ்சுவது 3 மெகாபிக்சல்தான். விரலால் இழுத்துப் பெரிதாக்குவதும் வெட்டுதான் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பொதிகையின் நீண்ட முகட்டுக்கு அகலமான வெட்டு பொருந்தும். ஒற்றைக் கோபுரத்துக்கும் அதன் நிழலுக்கும் சதுரமோ நெட்டைவாட்டோ தகும். படம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும், இன்ஸ்டாகிராம் கேட்கும் அளவை அல்ல.

பாலங்களுக்கு வந்தால், கொக்கிரகுளத்துக்கும் வண்ணார்பேட்டைக்கும் பக்கத்தில் உள்ள சுலோசன முதலியார் பாலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆற்றைக் கடக்க மக்கள் படும் பாட்டைப் பார்த்து, சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது, 1843-ல் திறக்கப்பட்டது. லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைந்த அமைப்பு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு வடக்கு நோக்கித் திரும்பி ஓடுவதால், பாலத்தைப் பார்த்து நிற்பவருக்கு வெயில் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில்தான் வரும். வளைவுகளின் உட்புறத்தில் வெளிச்சமும் இருட்டும் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு வளைவும் தண்ணீரில் தன் மறுபாதியோடு சேர்ந்து ஒரு முழு உருவாகிறது. வெட்டும்போது அந்த உருக்களை எண்ணி வெட்ட வேண்டும். மூன்று முழு வளைவு இருக்கலாம், ஐந்து இருக்கலாம். மூன்றே முக்கால் இருக்கக்கூடாது. பாலத்தை ஒட்டி இப்போது புதிய பாலம் ஒன்று வந்துவிட்டது. ஒரு பக்கத்திலிருந்து பழைய வளைவுகளைத் தனியாக எடுக்க முடியாது. புதியதையும் சேர்த்து எடுப்பதே நியாயம், போக்குவரத்து நெரிசலுக்காக ஊர் மறுபடியும் ஒரு பாலம் கட்டியிருக்கிறது. இரவில் வந்தால் தெருவிளக்குகள் தண்ணீரில் நெட்டுக்குத்தாக நீளும். சிற்றலைகள் ஒவ்வொன்றும் விளக்கை வெவ்வேறு இடத்தில் காட்டுவதால் ஏற்படும் நீட்சி அது. அங்கே காற்று எதிரி இல்லை.

நகருக்குள் எடுக்கும்போது வரும் பெரிய கேள்வி, அழுக்கை என்ன செய்வது என்பது. சாக்கடை வந்து சேரும் இடத்தில் நுரை கட்டியிருக்கும். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் முடித்தவர்கள் ஆற்றிலேயே விட்டுப்போகும் துணிகள் பாறை இடுக்குகளில் சிக்கிக் கிடக்கும். பிளாஸ்டிக் பை இல்லாத கரையே இல்லை. ஒரு பாட்டிலை ஃபிரேமுக்கு வெளியே தள்ள இரண்டடி நகர்வதில் தப்பில்லை. ஆனால் ஆயிரம் பேர் ஆயிரம் முறை அப்படி நகர்ந்து எடுத்த படங்களை மட்டுமே பார்த்து வளரும் தலைமுறை, ஆறு நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடும். தாமிரபரணியை நேசிக்கிறவர்கள் எடுக்கும் தொகுப்பில், துணிமூட்டை மிதக்கும் தண்ணீரில் கோயில் கோபுரம் விழுந்திருக்கும் படம் ஒன்றாவது வெட்டப்படாமல் இருந்தாக வேண்டும்.

மழைக்காலத்தில் செங்காவியாக ஓடும் தண்ணீரில் நிழலின் நிறம் சரியாக வராது. அப்போது கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்க்கலாம். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட பெரிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். நிறத்தை நம்பாமல் உருவையும் ஒளியையும் நம்பும் பழக்கத்துக்கு அவருடைய படங்களைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

பறவைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு நிழல் இனாமாகக் கிடைக்கிறது. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டும். 1994-ல் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் அவற்றுக்குக் காவல். கடனா நதி தாமிரபரணியோடு சேரும் திருப்புடைமருதூரில், 2005-ல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்த இடத்தில், கோயிலைச் சுற்றிய மரங்களில் பறவைகள் அடையும். மணிமுத்தாறில் இயங்கும் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மையம் 2011 முதல் இந்தப் பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. கேமராவோடு அதில் சேர்ந்துகொள்பவருக்குப் பெயர் தெரியாத குளங்கள் பல அறிமுகமாகும். பறவையும் நிழலும் முழுசாக இருக்கும்படி வெட்டுவது, கால் நீளமான பறவைகள் என்றால் கஷ்டம். நெட்டைவாட்டில் எடுத்தால் பிரச்சினை தீரும். இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் நன்றாக இருக்குமே என்று கூட்டை நெருங்குவதைவிட, தூரத்திலிருந்து எடுத்து வெட்டிக்கொள்வது ஆயிரம் மடங்கு மேல். வெட்டுவதற்கு இதைவிட நேர்மையான காரணம் கிடையாது.

காரையாறு, சேர்வலாறு அணைகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை சொல்லும் நேரத்துக்குள்தான் போய்வர முடியும். விடியல் வெளிச்சத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஆற்றில் எங்கே தண்ணீர் அசையாமல் கண்ணாடியாகக் கிடக்கிறதோ அங்கே பெரும்பாலும் கசம் இருக்கும். கோணத்துக்காக ஓரடி உள்ளே வைக்கலாம் என்று இறங்கும்முன், படித்துறையில் குளிப்பவர்களிடம் ஆழத்தைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

கடைசியாக, யாராவது தொடங்கிவைக்க வேண்டிய ஒரு வேலை. திருநெல்வேலி குறுக்குத்துறையில் முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் பாறைகள், கல்மண்டபங்கள். வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்தப் பெருவெள்ளத்தில் இந்தக் கோயிலும் மூழ்கியது. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் டிரைபாட் வைத்து, மாதம் ஒருமுறை அதே மண்டபத்தை எடுத்துவந்தால், ஆறு ஏறி இறங்குவதை நீர்க்கோடே சொல்லிவிடும். இங்கே வெட்டும் முறையும் மாறும். நீர்க்கோட்டை நடுவில் வைக்கக்கூடாது, அது மாதாமாதம் நகர வேண்டிய கோடு. இரண்டு தூண்களின் மேல்விளிம்பைக் குறியாக வைத்து எல்லாப் படங்களையும் ஒரே அளவில் வெட்ட வேண்டும். நிற்கும் இடம், டிரைபாட் உயரம், லென்ஸ் அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் வேறொருவரும் தொடரலாம். தொடங்குவதற்கு மே மாதம் தோது. ஜூனில் கார் சாகுபடிக்கு அணை திறப்பதற்கு முன்பு தண்ணீர் குறைந்து, மண்டபத்தின் அடிக்கல்லும் பாறைகளும் அதிகமாக வெளியே தெரியும். குறி வைக்க எந்தத் தூண், எந்தப் பாறை என்று அப்போதே தேர்ந்துகொள்ளலாம்.